வயசுக்கேற்ற வெள்ளை

ஜூன் 2, செவ்வாய்

லேப்பில் இன்று பதினொரு பல் செய்தேன். மேல்வரிசை முன்பற்கள் ஆறு, மூன்று பல் பிரிட்ஜ் ஒன்று, கேப் இரண்டு. பிரிட்ஜை டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார் — "இன்னும் வெள்ளையா வேணுமாம்." ஆளுக்கு எழுபத்தோரு வயது. அந்த முகத்தில் பால்பல் நிறத்தில் மூன்றைச் செருகினால், அவர் சிரிக்கும்போது பல் மட்டும்தான் சிரிக்கும். எனக்கென்ன, கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். டிப்போவில் இன்று வார விடுமுறை. மடியில் பச்சை ஷூ. தரையெல்லாம் பழுப்புப் பொடி, நமுத்த பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டது போல. வலது ஷூவின் அடிப்பாகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"கையில எடுத்தேன். அவ்வளவுதான். எடுத்தேன், கீழ விழுந்துடுச்சு," என்றார்.

பஸ் ஓட்டுகிற மனிதர். ஐம்பத்திரண்டு வயது. பெட்டி பெட்டியாகப் பதினான்கு ஜோடி பழைய ஷூ வைத்திருக்கிறார், ஒன்றைக்கூடக் காலில் மாட்டியதில்லை. கேட்டால் "சேர்த்து வைக்கிறேன்" என்பார். அவற்றில் இந்தப் பச்சைதான் தலைப்பிள்ளை. கணுக்கால் உயரம், வெள்ளைத் தோல், பக்கத்தில் கரும்பச்சைப் பட்டை. கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கென்று செய்தது. இவருக்கு வேலை கிடைத்த வருஷம் வாங்கியது, இருபத்துநாலு வருஷம் ஆகிறது. ஷூக்கள் அலமாரி மேல்தட்டில், என் துணிமணி கட்டிலுக்கு அடியில் — கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்.

அத்தை எட்டிப் பார்த்தார். இவருடைய அம்மா, வாய்க்குப் பூட்டே கிடையாது. "போட்டுத் தேஞ்சிருந்தாலாவது ஒரு நியாயம். போடாமயே போயிடுச்சே!" என்றார். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். பொடியைக் கூட்டி அள்ளியதும் நான்தான்.

ஜூன் 3, புதன்

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஒரு ஷூவுக்காகவா? ஆமாம், ஒரு ஷூவுக்காகத்தான்.

ஜூன் 7, ஞாயிறு

இவர் டியூட்டிக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தொழில் புத்தி. "வாயைத் திறங்க" என்று சொல்லாத குறைதான்.

மேல்தோல் அருமையாக இருக்கிறது. தையல் ஒன்றுகூட விடவில்லை. தரையில் படுகிற ரப்பர் தகடும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வெள்ளை நுரைப்பாகம் உண்டு. அதுதான் செத்துப் போயிருக்கிறது. வலதில் முழுதாகப் போய்விட்டது. இடதில் உருவம் நிற்கிறது, ஆனால் விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

இவருடைய ஷூ நண்பர்கள் கூட்டம் ஒன்று போனில் இருக்கிறது. பெட்டிக் கூட்டம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி இவர் தூங்கியதும் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் இவர் கேட்டிருக்கிறார், அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்: காற்றின் ஈரம் அந்த நுரையை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுமாம். போட்டு நடந்த ஷூ கொஞ்சம் தாங்கும், பெட்டியில் சும்மா கிடந்தது சீக்கிரம் போகும், இந்த வயசுக்கு வந்துவிட்டால் பத்தடி நடந்தாலே பொடிதானாம். அத்தை சொன்னதையேதான் அவர்கள் நாற்பது வரியில் எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு மேலே இன்னொன்று பார்த்தேன். ஜூலை 19, கூட்டத்தின் கண்காட்சி. முதல் தடவையாக இவரும் பெயர் கொடுத்திருக்கிறார் — இந்தப் பச்சைக்குத்தான். அதனால்தான் அன்று பெட்டியைத் திறந்திருக்கிறார். பாவம்.

இரண்டு மேசைகளாம். ஒன்று 'அசல்'. இன்னொன்று 'மீட்டெடுத்தவை'. இரண்டாவது மேசையில் ஒவ்வொரு ஜோடிக்கு முன்னாலும் அதைச் சரிசெய்தவரின் பெயர் எழுதிய அட்டை இருக்கும்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். பத்தொன்பது வருஷமாகப் பல் செய்கிறேன். எத்தனையோ வாயில் என் வேலை மென்று கொண்டிருக்கிறது. லேப் சீட்டில் கேஸ் நம்பர் இருக்கும், டாக்டர் பெயர் இருக்கும். என் பெயர் எங்கேயும் இல்லை. நன்றாகச் செய்தால் செய்ததே தெரியக்கூடாது, அதுதான் எங்கள் தொழில். சரிதான். ஆனாலும் ஒரே ஒரு தடவை, நான் செய்த ஒன்றுக்கு முன்னால் என் பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு அந்த அட்டை வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

கேட்டேன். "நான் சரி பண்ணித் தரேங்க."

சிரித்தார்! ஆறு நாளாகச் சோறு இறங்காதவர் சிரித்தார். "இது பல்லு இல்லம்மா. ஷூ."

எனக்கு வந்ததே கோபம். என்ன பெரிய வித்தியாசமாம்? அதுவும் அச்சு, இதுவும் அச்சு. அதுவும் ஒட்டணும், இதுவும் ஒட்டணும். பல்லாவது எச்சில்ல ஊறிக்கிட்டே கிடக்கு, சூடு குளிர் எல்லாம் தாங்குது, உங்கம்மா எலும்பையே கடிக்கிறாங்க என் பல்செட்டை வெச்சு! உங்க ஷூ என்ன பண்ணுச்சு? அலமாரியில தூங்குச்சு!

இதையெல்லாம் சொன்னேனா என்றால், எல்லாம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கூடவே சொன்னேன். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, வியாழன்

காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கொண்டுவந்து என் டிபன் பைக்குப் பக்கத்தில் வைத்தார். "பாத்து," என்றார். படி இறங்கிப் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார் — என்னையில்லை, பெட்டியை.

ஜூன் 14, ஞாயிறு

பால்கனிதான் இனி என் லேப். பழைய கதவுப் பலகையை இரண்டு முக்காலி மேல் போட்டாயிற்று.

இன்றைய கண்டம் இடது ஷூ. அதன் உருவத்தை எடுத்தால்தான் மேலே எதுவும் நடக்கும், அதற்கு ஒரே வாய்ப்பு. அச்சுப் பொருளை ஊற்றிப் பிரிக்கும்போது நுரை நிச்சயம் நொறுங்கும். அச்சு சரியில்லையென்றால் மறுபடி எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

சிலிக்கானைக் கலந்து சுற்றிலும் பூசினேன். "அசையாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க," என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து அத்தை, "யாருக்கு பல்லு எடுக்கிற?" என்று கேட்டார்.

இறுகியதும் பிரித்தேன். எதிர்பார்த்தது போலவே எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஆனால் அச்சு! ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு சின்னப் புள்ளியும் விழுந்திருக்கிறது. பால்கனியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

பிறகு அசிட்டோனில் துணியை நனைத்துப் பழைய பசையைத் துடைத்தெடுத்தேன். மேல்தோல் தனி, ரப்பர் தகடு தனி. இவர் வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் சொந்தக்காரர்களை விடக்கூடாது என்பது சும்மா இல்லை.

ஜூன் 17, புதன்

அச்சில் மெழுகு ஊற்றி இடது தயார். வலது? வலதுக்கு அச்சு ஏது? கையால்தான் செதுக்க வேண்டும்.

ஜூன் 21, ஞாயிறு

மானம் போயிற்று. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். என் டைரிதானே, எழுதுகிறேன்.

வியாழன் மாலை, வெள்ளி மாலை, நேற்று பகல் முழுவதும். டிவைடரை வைத்து இடதை அளந்து அளந்து, மெழுகைச் சூடாக்கிச் சொட்டி, செதுக்கி, பஞ்சால் மெருகேற்றி — பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு மெழுகுவேலை செய்ததில்லை. இன்று காலை பெருமை தாங்காமல் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே காலுக்கு இருக்கே."

இருந்தது. இரண்டும் இடது. அப்பட்டமான இடது. அளந்ததை அளந்தபடியே செதுக்கியிருக்கிறேன்! வலது கடைவாய்ப்பல்லையும் இடது கடைவாய்ப்பல்லையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவேன் நான். லேப்பில் தெரிந்தால் விடுவார்களா? ஓட ஓட விரட்டிச் சிரிப்பார்கள்.

அத்தை சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இவர் குளியலறையிலிருந்து பாதிச் சோப்போடு ஓடி வந்து, "என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, போங்க என்றோம். காதும் காதும் வைத்தாற்போல் விஷயம் அமுங்கிவிட்டது.

மத்தியானம் படுக்கையறைக் கண்ணாடியைக் கழற்றிப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். இடதை அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, கண்ணாடிக்குள் தெரிவதைப் பார்த்துச் செதுக்க ஆரம்பித்தேன். இப்போது சரியாக வருகிறது.

ஜூன் 25, வியாழன்

கண்ணாடி இல்லாமல் நாலு நாளாகத் தலை வாரிக்கொண்டு போகிறேன். லேப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வலது முடிந்தது.

ஜூன் 28, ஞாயிறு

மெழுகைப் பிளாஸ்டருக்குள் புதைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலியிடத்தில் ரப்பரை ஊற்றினேன். பல்செட் செய்கிற அதே முறை. இரண்டு புட்டித் திரவம், கலந்தால் அரைமணி நேரத்தில் இறுகும், ஆனால் வளையும். மோல்டு கடையில் விசாரித்து வாங்கியது. சாயம் கலந்து வெள்ளையாக்கினேன். இவருடைய பழைய விளம்பரத் தாளில் புத்தம்புதிதாக எப்படி இருந்ததோ அப்படியே, பளீரென்று.

கொதிநீருக்கு அத்தையின் பெரிய பாத்திரத்தை எடுத்தேன். அதில் இப்போது ஒரு மெழுகு வளையம் நிற்கிறது. அதைப்பற்றி இந்த வீட்டில் இன்னும் பத்து வருஷம் பேசுவார்கள்.

பிளாஸ்டரை உடைத்தேன். ஆகா! வளைத்தேன், வளைந்தது. விட்டேன், நிமிர்ந்தது. பூட்டி வைத்துப் பார்க்கலாமென்று தோலையும் தகட்டையும் சேர்த்து நூலால் கட்டி மேசையில் நிறுத்தி இவரைக் கூப்பிட்டேன்.

பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அந்த 'தான்' எனக்குத் தெரியும். புதுப் பல்செட்டை மாட்டிக் கண்ணாடி பார்க்கிறவர்கள் டாக்டருக்குப் பயந்து சொல்கிற 'தான்' அது. எங்கோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 29, திங்கள்

லேப்பில் அந்த எழுபத்தோரு வயதுக்காரரின் பிரிட்ஜ் மறுபடியும் வந்திருக்கிறது. "பேரப்பிள்ளைங்க சிரிக்கிறாங்களாம். பழைய நிறமே போட்டுடுங்க." சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அட மண்டூகமே! இருபத்துநாலு வயசுத் தோலுக்கு நேற்றுப் பிறந்த அடிப்பாகம் வைத்திருக்கிறேன்! இதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டுகிறேன்? தோல் மெல்ல மஞ்சளித்துக் கிரீம் நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே பளீர் வெள்ளை வைத்தால், தோலுக்கு வயதானதுதான் கண்ணில் படும். இவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வெள்ளையைக் கழற்றிப் பால்கனி மூலையில் வைத்தாயிற்று. இனி அதையே வைத்துச் சிலிக்கானில் அச்சு எடுக்க வேண்டும், உடைக்காமல் எத்தனை தடவையும் ஊற்றலாம்.

ஜூலை 5, ஞாயிறு

லேப்பிலிருந்து ஷேடு கைடைச் சொல்லிவிட்டு எடுத்து வந்தேன். பல்லின் நிறம் பார்க்கிற அட்டை, பதினாறு வெள்ளை. வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், காலை பத்து மணி உத்தமம். அதிலுள்ள மாதிரிப் பல்லை ஒவ்வொன்றாக ஷூத் தோல் மேல் வைத்துப் பார்த்தேன். எதிர் மாடிப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஷூவுக்குப் பல் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

முன்பக்கம் ஏ-மூன்று நிறம். குதிகால் பக்கம் ஏ-மூன்றரை. அலமாரியில் அந்தப் பக்கம்தான் வெளிச்சம் பட்டிருக்கிறது. வலது, இடதைவிட ஒரு நூல் வெளுப்பு. இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே நிறமாக இருந்தால் பொய்ப்பல்லாகத் தெரியும். எந்த மனிதனுக்காவது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா?

மூன்று தடவை ஊற்றினேன். முதல் தடவை வெளிறியது. இரண்டாவது டீக் குடித்த பல். மூன்றாவது — மூன்றாவதைத் தோல் பக்கத்தில் வைத்ததும் எது பழையது எது புதியது என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சாயத்தின் நெடி என்று அத்தையிடம் சொன்னேன். நெடியில்லை, சந்தோஷம்.

ஜூலை 12, ஞாயிறு

ஒட்டினேன். இரண்டு பக்கமும் பசை பூசி, காயவிட்டு, ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரே அழுத்து. வைத்தபின் நகர்த்த முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டேன். காலுடைந்து கட்டுப்போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மேசை மேல் கிடக்கின்றன.

இவர் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். தினமும் கூடத்தில்தான் படிப்பார்.

ஜூலை 14, செவ்வாய்

கட்டைப் பிரித்தேன். இவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், பிளாஸ்டரால் வெடித்த விரல்களை.

ஜூலை 18, சனி

கண்காட்சிப் படிவம் நிரப்பினோம். 'உரிமையாளர்' என்ற இடத்தில் அவர் பெயர். 'சரிசெய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். முழுப்பெயர், முதலெழுத்தோடு. எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

எல்லாவற்றையும் இப்போதே எழுதிவிட வேண்டும், ஒன்றும் விடாமல்.

ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கம். மெருகேற்றிய மரத்தரை, இரண்டு நீள மேசை, நூறு பேராவது இருப்பார்கள். எல்லாரும் ஷூவைப் பார்த்தே பேசுகிறார்கள், ஒருத்தரும் முகத்தைப் பார்ப்பதில்லை. இவரை "அண்ணே, அண்ணே" என்று சூழ்ந்துகொண்டார்கள். என்னை "அண்ணி" என்றார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

தேர்வாளரை எல்லாரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் கயிறு போட்டு ஒரு பூதக்கண்ணாடி தொங்குகிறது. ஆள் இளையவர்தான், நாற்பதுக்குள். 'மீட்டெடுத்தவை' மேசையில் எங்கள் பச்சையை வைத்தோம். அட்டை எழுதுகிற பெண் பேனாவைத் திறந்தாள். அப்போது லென்ஸ் வந்து குனிந்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வளைத்துப் பார்க்கக்கூட இல்லை, தொட்டால் உடைந்துவிடுமென்று பயப்படுகிறவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது ஏன் இந்த மேசையில இருக்கு? இது அசலாச்சே!"

"இல்லைங்க, நான் செஞ்சது," என்றேன்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. தோல் துடைச்சிருப்பீங்க, லேஸ் மாத்தியிருப்பீங்க. அதெல்லாம் கணக்கில்ல. சோலைப் பாருங்க, வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் பழுத்திருக்கு. ரெண்டு கால்லயும் வேற வேற மாதிரி. இதை யாராலயும் செய்ய முடியாது. காலம்தான் செய்யும்."

என்னைப் புகழ்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை! சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? "வார்த்தது நான், சாயம் கலந்தது நான், ஏ-மூன்று, ஏ-மூன்றரை..." என்று உளறினேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. செய்தபோது படம் எடுத்தீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒன்றுகூட இல்லை. என் கை பிளாஸ்டரில், இவருக்குப் பார்க்கவே மனசில்லை, யார் எடுப்பது? கழற்றிய வெள்ளை சோல் வீட்டுப் பால்கனியில் கிடக்கிறது. போய்வர மூன்று மணி நேரம். தேர்வு முடிய அரைமணி.

அட்டை எழுதுகிற பெண் பேனாவை மூடிவிட்டாள்.

"அண்ணே, அசல் மேசைக்குக் கொண்டுவாங்க," என்றார் லென்ஸ். "இவ்வளவு நல்லா பாதுகாத்த ஜோடியை நான் பார்த்ததே இல்ல. முதலிடம் உங்களுக்குத்தான், சந்தேகமே வேணாம்." யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் போனைத் தூக்கி இவரைப் படம் எடுத்தார்கள்.

நான் இவரைப் பார்த்தேன். உண்மையை எழுதுகிறேன்: இவர் முகம் மலர்ந்தது. ஒரு நொடி நன்றாகவே மலர்ந்தது. பாதி வாழ்க்கையாக இந்த வார்த்தைக்குத்தானே பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்? தலையாட்டிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. போகட்டும், அவர் ஆசைதானே என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் பேரு. ஒரு அட்டை. அவ்வளவுதானே கேட்டேன்? அதுகூடவா எனக்கு —

இவர் தரையில் உட்கார்ந்தார்.

சம்மணம் போட்டு, அரங்கத்து நடுவில். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேசையிலிருந்து பச்சையை எடுத்து லேஸைத் தளர்த்த ஆரம்பித்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க? அண்ணே, வேணாம்!" லென்ஸ் கத்தியே விட்டார். ஒரு ஆள் கண்ணைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் இவர் தோளைப் பிடித்தார். இவர் நிதானமாக வலதை மாட்டினார். இடதை மாட்டினார். லேஸைக் கட்டினார், கட்டத் தெரியாமல் இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. எழுந்தார்.

குதித்தார்.

தொந்தியும் தொப்பையுமாக ஒரு பஸ் டிரைவர் மரத்தரையில் தொம் தொம்மென்று குதிக்கிறார். எனக்கோ கண்ணெல்லாம் சோல் மேலேயே. பசை ஏழு நாள்தான் ஆகிறது, குதிகால் ஓரம் நன்றாகப் பிடித்ததா, ட்யூபை இன்னும் இறுக்கிச் சுற்றியிருக்கலாமோ? நான்கு தடவை குதித்தார். அரங்கத்தை ஒரு சுற்று ஓடினார். கிரீச் கிரீச்சென்று சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் வந்து நின்று காலைத் தூக்கிக் காட்டினார்.

"அசலா இருந்தா இந்நேரம் பொடிஞ்சிருக்கணும்ல? பொடியைக் காட்டுங்க பாப்போம்."

லென்ஸ் தரையில் முட்டி போட்டு இவர் ஓடிய வழியெல்லாம் பார்த்தார். ஒரு துகள் இல்லை. பிறகு சோலை அமுக்கினார். அமுங்கியது. நிமிர்ந்தது. மறுபடி அமுக்கினார்.

"இது என் வீட்டுக்காரம்மா செஞ்சது," என்றார் இவர். "நான் வெச்சிருந்து வீணாக்கினேன். அவதான் செஞ்சா. எழுதுங்க." என் பெயரைச் சொன்னார். முழுப்பெயர், முதலெழுத்தோடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயால் என் முழுப்பெயரைக் கேட்டதில்லை. 'ஏம்மா', 'இந்தாம்மா' தவிர வேறு என்ன கூப்பிட்டார்?

லென்ஸ் அந்தப் பெண்ணிடமிருந்து பேனாவை வாங்கித் தானே அட்டையை எழுதினார். எழுத்துப்பிழை இல்லாமல்.

பரிசு கிடைக்கவில்லை. முதலிடம், சாயம் போன ஸ்வேடு தோல் ஷூவைப் புதுப்பித்த ஒரு நர்ஸுக்கு. எங்கள் சோலில் அழுக்குப் படிந்திருந்ததாம், மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம். "உங்க குதிப்புதான் காரணம்," என்றேன் பஸ்ஸில். "ஆமா," என்றார். இருவரும் வீடு வரை சிரித்தோம்.

ஜூலை 20, திங்கள்

அவருக்குக் காலில் கொப்புளம். எனக்கு முகமே சிரித்துக்கொண்டிருக்கிறதாம், லேப்பில் சொன்னார்கள்.

ஜூலை 26, ஞாயிறு

அலமாரி மேல்தட்டை இவரே காலி செய்கிறார். மிச்சம் பதின்மூன்று ஜோடியில் எதெல்லாம் பிழைக்கும் என்று பால்கனியில் வரிசையாக வைத்துக் காட்டினார். ஆறு தேறும். இரண்டுக்கு வேலை இருக்கிறது. மற்றவற்றுக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டேன். என் துணிமணி மேலே ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பத்தரைக்குக் கதவைத் தட்டினார்கள். இவர் போய்த் திறந்தார். வாசலில் ஒரு மனிதர், குடைக்குள் ஒரு ஷூப் பெட்டியைப் பிள்ளையை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறார். என் பெயரைச் சொல்லி, அவங்க வீடு இதுதானா என்று கேட்டார்.

"இதுதான். நான் அவங்க வீட்டுக்காரர்," என்றார் இவர்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அந்த மனிதர் கீழே பார்த்துவிட்டார். வாசல்படியில், அத்தை செருப்புக்கும் என் செருப்புக்கும் நடுவில், பச்சை. காலையில் பால் வாங்கப் போட்டுக்கொண்டு போனது. கணுக்கால் வரை சேறு, லேஸ் நனைந்து தொங்குகிறது.

"ஐயோ!" என்றார் அவர். "இதைப் போய் வெளியில விடுறீங்களே!"

"மழையில நடந்துட்டு வந்ததை வேற எங்கங்க விடுறது?" என்றேன். "உங்களதையும் அங்கேயே விட்டுட்டு உள்ள வாங்க."